சேருக்குப் பொறுக்கிய நண்டு

கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பல்கலைக்கழக மாணவிகள். ஒருத்தியின் மடியில் ஐஸ் போட்டு மீன் வைக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டி.

“நண்டு பெருசா இருக்கிறதுதான் பிரச்சினை,” என்றாள் பெட்டிக்காரி.

“அதுல என்ன பிரச்சினை?”

“களப்புல இப்ப என்ன அளவு நண்டு படுதெண்டு பாக்கிறதுதான் எங்கட லெக்சரர் சேர்ட ஆராய்ச்சி. வலையில வாறதை அப்பிடியே தாங்கெண்டு வாப்பாட்ட சொன்னன். அவரு மூணு மாசமாப் பொடிசுகளைக் கழிச்சிட்டு, பெருசாப் பாத்துத் தந்திரிக்காரு. சேருக்குப் போறதாம், பொடிசக் குடுத்தா மரியாதை இல்லையாம். நேத்து உம்மா சொல்லித்தான் தெரியும்.”

“அப்ப நீ அளந்ததெல்லாம்?”

“ஒண்டுக்கும் உதவாது. களப்பு நல்லா இருக்கெண்டு சேர் எழுதத் தொடங்கிட்டாரு. இண்டைக்குச் சொல்லணும். ரெண்டாம் வருசத்துல என்னை மட்டுந்தான் ஆராய்ச்சிக்குச் சேத்தவரு.”

“வாப்பாட்ட சொன்னியா?”

அவள் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்து, மறுபடி மூடினாள்.

“காலையில பஸ் ஏத்திவிடக்குள்ள, போன தடவை நண்டைப் பாத்துட்டு சேர் என்ன சொன்னாரெண்டு கேட்டாரு. சந்தோசப்பட்டாரெண்டு சொன்னன்.”

சிநேகிதி பெட்டியைப் பார்த்தாள். “இதுல?”

“வாப்பா இண்டைக்கு வச்சதுதான் எல்லாத்திலயும் பெருசு.”