பஃபலோ சூப்ரண்டு

வெயிட்டு எல்லாம் ஒண்ணும் இல்லப்பா, கையில தூக்கித்தான் பாரேன். வெறும் அலுமினியத் தகடு. பாக்கத்தான் மொறம் மாதிரி அகலமா கீது. மண்வெட்டி இல்ல தம்பி, இது பனி அள்றது. சிரிக்காதே. நீ சிரிச்சா எனக்குக் கோவம் வரும். ஏற்கெனவே இரும்புலியூர்லேர்ந்து இதைத் தூக்கிகினு பஸ்ஸு ஏறினா, அந்தக் கண்டக்டரு, ஏம்மா, எந்த ஊரு கொளத்தைத் தூர் வாரப் போறேன்னு கேக்குறான். பஸ்ஸே சிரிக்குது. எங்கூட்டுக்காரரு செய்யற வேலைக்கெல்லாம் நான்தான் மூஞ்சியக் காட்டிகினு நிக்கணும்.

மெட்டில்டா டீச்சர் சொல்லலியா உங்கிட்ட? நான் செல்வமேரி. டீச்சரும் நானும் ஒரே சர்ச்சு. போன ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி வெளிய வரச்சொல்லோ சொன்னாங்க, சேலையூர்ல ஒரு பையன் மேல்படிப்புக்கு அமெரிக்கா போறான், உம் புள்ள எட்மண்டு கீற அதே ஊருதான்னு. பஃபலோ. எருமைமாடுன்னு அர்த்தமாமே? ஒரு ஊருக்குப் போய் அந்தப் பேரை வைக்கிறவன் எப்படிப்பட்டவனா இருப்பான். அங்க போய் உக்காந்துகினான் என் புள்ள.

உங்கம்மா மார்க்கெட்டுக்குப் போயிருக்காங்களா? போயிட்டு மெதுவா வரட்டும். நான் சொல்றத நீ கேளு. இதை நீ நேரா அவன் கையில குடுக்கணும். வாசல்ல வச்சிட்டு வந்தேன், பக்கத்துல யாருகிட்டயோ குடுத்தேன்னு சொல்லக்கூடாது. எட்மண்டுன்னு பேரு சொல்லிக் கூப்ட்டு, அவன் வந்து நின்னு, அவன் மூஞ்சிய நீ பாத்துட்டுத்தான் குடுக்கணும். புரியுதா?

அங்கயே கடையில விக்கும்ன்றியா? எனக்குத் தெரியாதா? இதையேதான் நானும் அவருகிட்ட தலப்பாடா அடிச்சிகினேன். பனி கொட்ற ஊருல பனி அள்றது விக்காம வேற இன்னாத்த விப்பான். கேட்டாத்தானே அந்த மனுஷன். பம்மல்ல பட்டறை வச்சிகினு கீறாரு. சவுரிமுத்து பட்டறைன்னா தோல் ஷாப்புக்காரங்க எல்லாருக்கும் தெரியும். தோலு ஊறப் போட்ற ட்ரம்மு ரிப்பேரு, வெல்டிங்கு, எல்லாம் அவருதான். அந்த வேலையெல்லாம் அப்படியே போட்டுட்டு இதைத் தட்டிகினு கீறாரு. மொதல்ல ஒண்ணு செஞ்சாரு, வளைஞ்சிருக்குன்னு தூக்கிப் போட்டாரு. ரெண்டாவது கனமாயிடுச்சின்னு போட்டாரு. இது மூணாவது. எனக்கு எப்படிப்பா எரியாம இருக்கும்?

எதுக்கா? எல்லாம் அந்த சூப்ரண்டால வந்த வினை.

எட்மண்டு டிப்ளமா முடிச்சவன். கப்பல்ல பிட்டரா போனான், போன எடத்துல அப்படியே அமெரிக்காவுல தங்கிட்டான். தொண்ணூத்தொண்ணுல லெட்டர் போட்டான், அம்மா, எனக்கு பஃபலோல வேலை கெடைச்சிருச்சி, ஒரு பெரிய பில்டிங்குக்கு நான்தான் சூப்ரண்டுன்னு. சூப்ரண்டுன்னா நாம இன்னா நெனைப்போம்? நீயே சொல்லு. ஆபீஸ்ல தனி ரூம்பு, தலைக்கு மேல ஃபேனு, வெளிய ஸ்டூல் போட்டு ஒரு பியூனு. இவன் படிக்கச்சொல்லோ ஒரு சர்ட்டிபிகேட்டுக்கு நான் தாலுக்கா ஆபீஸ்ல மூணு நாளு நின்னவ. சூப்ரண்டு டீ குடிக்கப் போயிருக்காரு, சூப்ரண்டு மீட்டிங்ல கீறாரு. எம் புள்ளயே சூப்ரண்டுன்னா எனக்கு எப்படி இருக்கும்? இரும்புலியூர்ல ஒரு வூடு வுடல நான். ஃபாதர்கிட்ட சொல்லி நன்றிப் பூசை வச்சேன். எம் பேரே மாறிப்போச்சி, சூப்ரண்டு அம்மா.

ஆமாம்பா. அங்க பில்டிங் சூப்ரண்டுன்னா கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கிப் பாத்துக்கிறவன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு யாரு சொன்னா?

இந்த செப்டம்பர்ல பொண்ணு வூட்டுக்காரங்க வந்திருந்தாங்க. குரோம்பேட்டை ஜெபராஜு, டெலிபோன்ஸ்ல கிளார்க்கு. பொண்ணு பி.காம். கேசரி கிண்டி வச்சிருக்கேன். அந்த நேரம் பாத்து போஸ்ட்மேன் வந்து லெட்டரை நீட்றான். எனக்குத்தான் கொழுப்பு, மாப்பிள்ள லெட்டரை உங்க வாயாலயே படிங்கன்னு ஜெபராஜு கையில குடுத்தேன். அவரும் தொண்டையக் கனைச்சிகினு சத்தமா படிக்கிறாரு.

அம்மா, குளிர் வரப்போவுது, பில்டிங்க ரெடி பண்ணிகினு கீறேன். கூரை ஓரத்துல மழைத்தண்ணி போற தகரமெல்லாம் எலை அடைச்சிகினு கீது, ஏணி போட்டு நான்தான் வாரிப் போட்றேன். வெளிய கீற கொழாயெல்லாம் மூடி, தண்ணிய வடிச்சி வுடணும், இல்லன்னா உள்ளயே ஐஸாப் போயி பைப்பு வெடிச்சிரும். பாதை ஓரமா குச்சி நட்டு வைக்கணும், பனி மூடிச்சின்னா எது பாதை எது தோட்டம்னு தெரியாது. பனி கரையறதுக்கு உப்பு தூவணும், மூட்டை மூட்டையா எறக்கி வச்சிட்டேன். பனி கொட்டினா, ஜனங்க வேலைக்குக் கெளம்பறதுக்குள்ள வாசல்லேர்ந்து ரோடு வரைக்கும் அள்ளியாவணும், எவனாவது வழுக்கி வுழுந்தா என்னைத்தான் புடிப்பாங்க. போன வருஷம் அள்ளி அள்ளி இடுப்பே போச்சும்மா, அந்தக் கைப்பிடி ரொம்பக் குட்டை. அப்புறம் குப்பைத் தொட்டியெல்லாம்.

குப்பைன்னு வந்ததும் ஜெபராஜு நிறுத்திட்டாரு. கூடவே ஒரு போட்டோ வுழுந்துது. கம்பளிக் குல்லா, கையில பனி அள்றது, வாயெல்லாம் பல்லா நிக்கிறான். அவரு சம்சாரம் மெதுவா கேக்குது, அக்கா, பனியப் போய் எப்படி அள்ளுவாங்க, மார்கழிப் பனிக்கு நாம மப்ளர்தானே கட்டிப்போம்? கேசரிய ஒருத்தரும் தொடல. யோசிச்சி சொல்றோம்னுட்டு எழுந்து போயிட்டாங்க.

நான் மானம் போச்சேன்னு அழுவறேன். எங்கூட்டுக்காரரு இன்னா கேட்டாரு தெரியுமா? அந்தக் கைப்பிடி எத்தினி அடின்னு எழுதியிருக்கானா பாருன்னு கேக்குறாரு. அவரு காதுல வுழுந்தது அது ஒண்ணுதான். போட்டோவ எடுத்துகினு பட்டறைக்குப் போயி, ஸ்கேல் வச்சி அளக்குறாரு. புள்ள இத்தினி ஒசரம், அப்போ கைப்பிடி இத்தினி இருக்கணும், குனியாம அள்ளலாம்னு. பாரு, ப்ளேன்ல போவணும்னு ரெண்டு துண்டா மரை வச்சி, கழட்டி மாட்றாப்ல செஞ்சிருக்காரு.

இது வேணுமான்னு அவனையே கேட்டு எழுதலாமேன்றியா? எழுதாமயா? அவரு நாலு லெட்டர் போட்டாரு. பதில் இல்ல. பதினஞ்சி நாளைக்கு ஒண்ணு போட்றவன்பா. அவங்கப்பா பொறந்த நாளுக்குக் கார்டு வரல. இந்தக் கிறிஸ்மஸுக்கும் வரல. இவரு இன்னா சொல்றாரு, பனி ஆரம்பிச்சிருக்கும்டி, அவனுக்குக் கை ஒழியலன்றாரு. சொல்லிட்டு மறுபடியும் தகட்டைத் தட்றாரு. தாம்பரம் ஸ்டேஷனாண்ட ஐ.எஸ்.டி. பூத்துல போயி நம்பர் போட்டேன். ஒரு வெள்ளக்காரி ஏதோ சொல்லிட்டு வச்சிட்டா. நாலு தபா போட்டேன், நாலு தபாவும் அதையே சொல்றா. பூத்துக்காரருதான் சொன்னாரு, அது மெஷினும்மா, அந்த நம்பரு இப்ப இல்லியாம்னு. அதை நான் இன்னும் எங்கூட்டுக்காரருகிட்ட சொல்லல.

அவருகிட்ட இன்னொண்ணும் சொல்லல, தம்பி.

அன்னிக்கு அவரு போட்டோவ எடுத்துகினு அப்படிப் போனதும், நான் உக்காந்து ஒரு லெட்டர் எழுதினேன். குப்பை வார்றதுக்குத்தான் உன்னைக் கப்பல் ஏத்தி அனுப்பினேனா, ஊர்ல தலை காட்ட முடியாம பண்ணிட்டியேன்னு எழுதினேன். இந்த மாதிரி எழுதறதா இருந்தா இனிமே லெட்டரே போடாதே, எனக்குப் புள்ளயே இல்லன்னு நெனைச்சிக்கிறேன்னு எழுதினேன். நானே நடந்து போயி பெட்டியில போட்டேன். போட்டதும் பெட்டிக்குள்ள கைய வுட்டுப் பாத்தேன், எட்டல.

சின்ன வயசுலேர்ந்து ஒரு பேச்சு கேக்காதவன். இந்த ஒரு பேச்சை மட்டும் அப்படியே கேட்டுட்டான்.

இந்த ஐப்பசி மழைக்கு எங்க வாசல்ல முழங்கா தண்ணி. பொடவையத் தூக்கிச் சொருகிகினு நான்தான் தள்ளினேன். அடைச்சிகினு கெடந்த சாக்கடைய நான்தான் குச்சி வச்சிக் குத்தினேன். நாலு பேரு பாக்கத்தான் செஞ்சேன், ஒரு வெக்கமும் வரல. எம் புள்ள அவன் வாசல சுத்தம் பண்ணா மட்டும் எனக்கு இன்னா வந்துது? புத்திய செருப்பால அடிக்கணும்.

சரி வுடு. வெயிட்டு ஏறிடும்னா இது வேணாம் தம்பி, நான் எடுத்துகினு போறேன். அவருகிட்ட குடுத்துட்டேன்னு சொல்லிக்கிறேன். நீ இந்த அட்ரஸ் சீட்டையும் போட்டோவையும் மட்டும் வச்சிக்கோ. பட்டறை செவுத்துல ஒட்டி வச்சிருந்தாரு, அவருக்குத் தெரியாம கழட்டிகினு வந்துட்டேன். இந்த மூஞ்சிதான், நல்லா பாத்துக்கோ. இடது கன்னத்துல மச்சம் கீது.

அங்க போயி, பனி கொட்டின மறுநாளு காலையில அந்தத் தெருவுக்கு ஒரு நடை போ. பெல்லு அடிக்க வேணாம், எம் பேரச் சொல்ல வேணாம். எதிர்ப்பக்கம் நின்னு, அந்த வாசல்ல யாரு பனி அள்றாங்கன்னு மட்டும் பாரு. வேற ஆளு அள்ளிகினு இருந்தா எனக்கு எழுதாதே. மெட்டில்டா டீச்சருக்கு எழுது, அவங்க வந்து பக்கத்துல உக்காந்து சொல்லட்டும். அவனே அள்ளிகினு இருந்தான்னா எனக்குப் போடு. நெறைய வேணாம் தம்பி. எம் மேல கோவமாத்தான் கீறான்னு ஒரே ஒரு வரி.