சொட்டு மருந்தும் ஒரு கோப்பையும்

அனுபமா: கப்பைக் கீழ வையுங்க சபீனாக்கா. லிஃப்ட்ல வந்தவங்களுக்கெல்லாம் காட்டியாச்சு.

சபீனா: நக்கோ, வைக்க மாட்டேன். வீடு போற வரைக்கும் கையிலதான். வருஷா வருஷம் நம்ம அபார்ட்மென்ட் பேட்மின்டன் கப்பு சி பிளாக்குக்கே எழுதிவச்ச மாதிரி போச்சு. இன்னிக்குப் பிடுங்கியாச்சு.

அனுபமா: கடைசி ஸ்மாஷ்ல அந்த சி பிளாக் ப்ரியம்வதா முகத்தைப் பார்த்தீங்களா...

சபீனா: பார்த்தேன், பார்த்தேன். சரி, இப்போ சொல்லு. தீபாவளி சமயத்துல பிராக்டீஸ்ல சுருண்டு விழுந்தியே, ஏன்? மேட்ச் முடியட்டும், சொல்றேன்னே.

அனுபமா: அது... வெயிலுங்க்கா.

சபீனா: இன்டோர் கோர்ட்ல ஏது மா வெயில்? சொல்லு.

அனுபமா: எனக்குக் கிளாக்கோமா. கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி நரம்பை அரிச்சுடுது. இடது கண்ணுல ஓரம் கொஞ்சம் போயிடுச்சு. போனது திரும்பாதாம். மிச்சத்தைக் காப்பாத்தச் சொட்டு மருந்து கொடுத்தாங்க.

சபீனா: கேக்கலையா?

அனுபமா: நல்லாவே கேட்டுச்சு. கண் பிரஷர் மளமளன்னு இறங்குச்சு. கூடவே என் நாடியும் இறங்கிடுச்சு.

சபீனா: இரு இரு... வாட்ச்ல நாப்பத்தி நாலுன்னு குரூப்ல போட்டியே, அத்லெட் ஹார்ட்டுன்னு...

அனுபமா: அதேதானுங்க்கா. ஊரே கைதட்டுச்சு. நானும் உடம்பு இரும்பாயிடுச்சுன்னு நம்பிட்டேன். ஆனா படியேறினா கண்ணு இருட்டிட்டு வரும்.

சபீனா: டாக்டர்கிட்டப் போகலையா?

அனுபமா: போனேன். ஈசிஜி எடுத்தாரு. வேற மருந்து ஏதாவது எடுக்குறீங்களான்னாரு. இல்லைன்னுட்டேன்.

சபீனா: யா அல்லா. அப்போ சொட்டு?

அனுபமா: கண்ணுல விடுறதை யாரு மருந்துக் கணக்குல சேர்ப்பாங்க?

சபீனா: கண்ணுல இருந்து மூக்குக்கு இறங்கி ரத்தத்துல கலந்துடும் மா. அந்தச் சொட்டு இதயத்தை மெதுவாக்கிடும். ஆஸ்துமா இருந்தா மூச்சையே பிடிச்சுடும். விட்டதும் கண்ணை மூடி மூக்கோரமா அழுத்திப் பிடிச்சா உடம்புக்குள்ள போறது குறையும். சொல்லலையா?

அனுபமா: சொன்னாங்க. காலைல ஆபீஸ் கேப் ஹாரன் அடிக்கிறப்போ யாரு அழுத்துறது... ஆமா, உங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?

சபீனா: யூடியூப். நீ மேல சொல்லு.

அனுபமா: விழுந்ததும் பயந்துபோய், யார்கிட்டயும் கேக்காம சொட்டையே நிறுத்திட்டேன். அடுத்த செக்கப்ல பிரஷர் பழையபடி மேல போயிடுச்சு. கண் டாக்டரம்மா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டாங்க.

சபீனா: நானா இருந்தா அடிச்சிருப்பேன்.

அனுபமா: அடிச்சிருந்தாலும் தப்பில்லைங்க்கா. அப்புறம் அவங்களே ஹார்ட் டாக்டர்கிட்டப் பேசி, வேற வகைச் சொட்டுக்கு மாத்துனாங்க. நேத்துதான் ரிப்போர்ட் வந்துச்சு. கண் பிரஷர் பதினாலு, நாடி அறுபத்தாறு. பார்வை புதுசா கொஞ்சம்கூடப் போகலை.

சபீனா: அதான் இன்னிக்கு அந்த ஆட்டமா? மூணாவது கேம்ல நீ பறந்ததைப் பார்த்து எனக்கே பயமாயிடுச்சு.

அனுபமா: சந்தோஷமா இருக்குங்க்கா... ரொம்ப. ஆனா...

சபீனா: என்ன ஆனா?

அனுபமா: சங்கராந்தி முடிஞ்சதும் சிட்டி டோர்னமென்ட் வருது. ஒரு ஓரம் தெரியாதவளோட ஆடி நீங்க ஏன் தோக்கணும்? உங்களை விட்டா இந்த ஊர்ல எனக்கு விளையாட ஆளில்லை. அந்தப் பயத்துலதான் சொல்லாமயே இருந்தேன். இப்போ தெரிஞ்சுபோச்சு... வேற பார்ட்னர் பாத்துக்கிறீங்களா?

சபீனா: அனு, நீ முதல்ல போட்ட அதே சொட்டுதான் நானும் போடுறேன், அஞ்சு வருஷமா. இதயம், மூச்செல்லாம் பார்த்துட்டுத்தான் கொடுத்தாங்க, எனக்கு ஒத்துக்கிச்சு, பார்வை இருந்தது இருந்தபடியே நிக்குது. நீ வேற ஆளைப் பார்த்துடுவியோன்னுதான் நானும் வாயைத் திறக்கலை.