நாற்பத்து மூன்று கிலோ வேலாயி

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளே. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து வேலாயி, புருஷன் தம்பையாவோடு நீரிழிவு மருந்துக்காக மாதக் கிளினிக்குக்குப் போன கதையைச் சொல்கிறேன். தராசுக்குப் பக்கத்தில் நின்றவள் நர்ஸ் நிரஞ்சலா. மூவரும் பேசியதை அப்படியே கேளுங்கள்.

நிரஞ்சலா: ...செருப்பையும் கழட்டிட்டு ஏறுங்கம்மா.

வேலாயி: கழட்டிட்டேன் மிஸ்ஸி. ஏங்க, கையப் புடிங்க.

நிரஞ்சலா: புடிக்கக் கூடாது ஐயா. ஒங்களயும் சேத்து நிறுத்துரும்.

தம்பையா: என்னயச் சேத்தா தராசு தாங்காது.

வேலாயி: அதத்தான் கேக்கணும் மிஸ்ஸி. ரெண்டு பேருக்கும் ஒரே சீனி வருத்தம். இந்த மனுசன் மட்டும் பலாக்காயாட்டம் பெருக்குறாரு. நான் வத்தல் மொளகா.

நிரஞ்சலா: மாத்திர வேறம்மா. அவரு குடிக்கிறது எடயக் கூட்டும். ஒங்களோடது பசியக் கொறைக்கும்.

தம்பையா: அப்ப ஆளுக்குப் பாதி மாத்திக் குடிச்சா...

நிரஞ்சலா: மாத்துனீங்களா?

தம்பையா: இல்ல. கேட்டேன்.

வேலாயி: கேப்பாருன்னுதான் பெட்டியில வச்சுப் பூட்டியிருக்கேன்.

நிரஞ்சலா: அசையாதீங்க... நாப்பத்து மூணு.

வேலாயி: போன மாசம் நாப்பத்து ரெண்டு! கேட்டீங்களா? கூடியிருக்கு.

தம்பையா: கேட்டேன். காதுக்கு வருத்தமில்ல.

நிரஞ்சலா: என்னம்மா, பரீட்சை பாஸ் பண்ணுன மாதிரி...

வேலாயி: பரீட்சைதான் மிஸ்ஸி. இன்னும் எளச்சா மருந்த மாத்தணும்னு டாக்டர் ஐயா சொன்னாருல்ல? மேல் லயத்து வீட்டு ராக்கம்மாவுக்கு அப்படித்தான் சொல்லி, தினமும் வீட்டுல போடுற ஊசி எழுதுனாங்க.

நிரஞ்சலா: ஊசிக்குப் பயமா?

வேலாயி: எனக்கென்ன பயம். அட்ட கடிச்ச காலு இது.

தம்பையா: மகளுக்காகத்தான் மிஸ்ஸி. கடக்குட்டி, லக்ஷிகா. டீச்சர் காலேஜில படிக்குது. என் கை நடுங்கும், இவளுக்குக் கண்ணு மங்கல். அம்மாவுக்கு ஊசின்னா படிப்ப விட்டுட்டு வந்துருவேன்னு போன்ல...

வேலாயி: ஏன் எல்லாத்தையும் சொல்றீங்க?

தம்பையா: மிஸ்ஸி கேட்டாங்க.

வேலாயி: என்னயத்தான கேட்டாங்க.

நிரஞ்சலா: படிப்பு முடிய எவ்வளவு நாளாகும்?

வேலாயி: எட்டு மாசம். அது வரைக்கும் நான் எளைக்கக் கூடாது. அதுக்கப்புறம் எப்படியோ போகட்டும்.

நிரஞ்சலா: சரி... கார்டுல நாப்பத்தொண்ணுன்னு எழுதுறேன்.

வேலாயி: மூணு மிஸ்ஸி! நாப்பத்து மூணு!

நிரஞ்சலா: ரெண்டு கழிக்கணும்.

தம்பையா: எதுக்குக் கழிக்கணும்?

நிரஞ்சலா: கொழுந்து நிறுக்கையில சாக்குக்கும் தண்ணிக்கும்னு ரெண்டு கிலோ வெட்டுவாங்கல்ல? அப்படித்தான். மூணு மாசமா வெட்டித்தான் எழுதுறேன்.

வேலாயி: இங்க சாக்கு ஏது மிஸ்ஸி?

நிரஞ்சலா: மொகம் ஒட்டிப் போவுது, எட மட்டும் ஏறுது. எங்கம்மாவும் முப்பது வருசம் கொழுந்து பறிச்சவங்கதான். நிறுவைக்குப் பாரம் ஏத்துறது எனக்கும் தெரியும்.

வேலாயி: அப்ப... டாக்டர் ஐயாவுக்கும்...

நிரஞ்சலா: தெரியும். அதப் பாத்துத்தான் போன மாசம் ஒங்க மாத்திரயக் கொறச்சாரு. சின்னதா இருந்துச்சில்ல?

வேலாயி: தட்டுப்பாடுன்னு நெனச்சேன்.

நிரஞ்சலா: இந்த வயசுல எளச்சா கொழுப்பு மட்டும் போறதில்லம்மா, சதையும் கரஞ்சிரும். விழுந்தா எழும்ப ஏலாது. இப்ப நெசமாவே ஒரு கிலோ ஏறியிருக்கு. சீனியும் கூடல. ஊசி தேவப்படாது.

வேலாயி: புள்ள படிக்கட்டுமா?

நிரஞ்சலா: படிக்கட்டும். இடுப்புல என்ன, கல்லா?

வேலாயி: பருப்பு. கல்லு குத்தும் மிஸ்ஸி.

நிரஞ்சலா: டாக்டர் எழுதியிருக்கிறத வாசிக்கிறேன், கேளுங்க. "தினமும் பருப்பு, முட்டை." வீட்டுக்குப் போனதும் அவுத்து ஆக்குங்க. ஐயா, நீங்களாவது சொல்லக் கூடாதா?

தம்பையா: சொன்னேன் மிஸ்ஸி. நான்தான கட்டி விடுறது. முட்டையும் வச்சுக் கட்டுறேன்னேன்... ஒடஞ்சிரும்னு இவதான் வேணாம்னுட்டா.

உங்கள் வீட்டு அடுப்பில் உலை ஓயாமல் கொதிக்கட்டும், கண்ணுகளே. மாத்திரை குடிக்கிறவர்களுக்கு வேளைக்கு வேளை பசி எடுக்கட்டும். படிக்கப் போன பிள்ளைகள் படிப்பை முடித்துக்கொண்டே வீடு வரட்டும்.