ஒச்சம்மாள் கொடுக்காத சாவி

ஜமீன் கதை சொல்பவர்கள் யானையின் பெயரைச் சொல்வார்கள், குதிரையின் பெயரையும் சொல்வார்கள். கடிகாரங்களுக்குச் சாவி கொடுத்தவளை மட்டும் விட்டுவிடுவார்கள். அவள் பெயர் ஒச்சம்மாள். கதை அவளுடையது, துரைக்கு இதில் ஓர் ஓரம் போதும்.

முன்னொரு காலத்தில், மலையடிவாரத்து நெய்க்காரன்குளத்தில், கொண்டல்சாமித் துரை என்றொரு ஜமீன்தார் இருந்தாராம். அமெரிக்கப் பாக்கெட் கடிகாரங்கள் என்றால் அவருக்கு உயிராம். கப்பலில் வரும், ஏலத்தில் வரும், ஊர் திரும்பும் பாதிரியாரிடமிருந்து வரும். "கையால ராவுனதில்ல, மிஷின்ல வெட்டுனது! ஒண்ணோட சக்கரம் இன்னொண்ணுல பொருந்தும்" என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமை பேசுவாராம். ஒன்று போரில் செத்த சிப்பாயுடையது. ஒன்று தடம் புரண்ட ரயிலை ஓட்டியவருடையது. மூடியைத் திறந்தால் உள்ளே அவர்கள் பெயர் வெட்டியிருக்கும். அத்தனையும் செத்தவர்களின் கடிகாரங்கள். அத்தனையையும் ஓடவைத்தவள் ஒச்சம்மாள்.

சின்னச் சாவியைச் செருகித் திருக வேண்டும். கை மாறினால் நேரம் பிசகும் என்பது துரையின் நம்பிக்கை. அதனால் தினமும் விடிந்ததும் அவள் கைதான்; நல்லநாள் கெட்டநாள் கிடையாது.

ஒருநாள் காலையில் அவள் மகள் பேச்சிக்கு இடுப்புவலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. அதைத் திருப்பி எடுக்கத் தெரிந்த கை ஊரில் ஒன்றுதான். அதுவும் ஒச்சம்மாள் கைதான்.

"சாமி, புள்ள குறுக்கா நிக்கிது. போயிட்டு வந்து திருகுறேன்."

"நீ போனா இதுக நின்னுபோகும், ஒச்சம்மா."

"இதுக நின்னா மறுபடி ஓடும் சாமி. எம்மக நின்னா ஓடுவாளா?"

"வாயக் கொறச்சிட்டு வேலய முடி."

கதவைச் சாத்தி ஆளை நிறுத்தினாராம். அவள் திருகினாள். திருகத் திருக, டிக் டிக் சத்தத்துக்குள்ளே "ஆத்தா, ஆத்தா" என்று பேச்சியின் குரல் கேட்டதாம். இன்னொன்றை எடுத்தாள், அதற்குள்ளும் "ஆத்தா". கடைசிக் கடிகாரத்தில் குரல் இல்லை. வெறும் டிக் டிக்.

ஓடினாள். பிள்ளையைத் திருப்பி எடுத்தாள். பிள்ளை அழுதது. பேச்சி அதற்குச் சற்று முன்பே அடங்கியிருந்தாள்.

மறுநாள் விடிந்தது. ஒச்சம்மாள் வரவில்லை. சாவியும் வரவில்லை; கிணற்றில் எறிந்துவிட்டாள் என்பார்கள். கடிகாரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தனவாம். துரை ஒவ்வொன்றையும் எடுத்துக் காதில் வைத்தாராம். முள் நின்றிருந்தது; "ஆத்தா" நிற்கவில்லையாம். "நிறுத்துங்கடா, யாராவது நிறுத்துங்கடா!" என்று கத்தியே போய்ச் சேர்ந்தார் என்பார்கள்.

அன்றிலிருந்து நெய்க்காரன்குளத்தில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டால், வீட்டுக் கடிகாரத்தை முதலில் நிறுத்துவார்கள். இப்போது பேட்டரியைக் கழற்றுகிறார்கள். யாராவது ஒருத்தி வாசலில் நின்று, "ஒச்சம்மா, வேல முடிஞ்சிருச்சு, மகளப் போய்ப் பாரு" என்று குரல் கொடுப்பாள். அவள் ஆவி இன்னும் சாவி திருகிக்கொண்டிருக்கிறது என்று ஊர் நம்புகிறது.

அவளைப் பேயாக்குவது ஊருக்குச் சுலபமாக இருந்தது. அவள் அன்றைக்குச் சாகவில்லை. பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு மலையேறிப் போனாள். காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தாள். அங்கிருந்த பெண்களுக்குப் பிரசவம் பார்த்தாள். பேத்திக்குக் கல்யாணம் முடித்த பிறகு குளிர்காய்ச்சலில் இறந்தாள். தோட்டத்து எல்லையில் புதைத்தார்கள். கல் எதுவும் நடவில்லை.