மூன்றாம் மாடிக் களிம்பு

மேடைக்கு ஆறு படி ஏற வேண்டும் என்பதால், கீழே முதல் வரிசையில் அமர்ந்தபடியே இந்த அவைக்குத் தலைமை தாங்கும் தலைமை மருத்துவரே, என் மாமனாரே! ஊசியைக் கையிலும் கனிவை உள்ளத்திலும் ஏந்திய செவிலியர்களே! மாத்திரையை மறந்தாலும் மருத்துவரைத் திட்ட மறக்காத மூத்த பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் பொறுமையைத் தோளிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! மூன்றாவது வரிசையிலிருந்து 'பார்த்துப் பேசுங்க' என்று கண்ணாலேயே மிரட்டும் என் மனைவியே! இந்த மருத்துவமனையில் எண்களோடு குடித்தனம் நடத்தும் புள்ளியியல்காரனின் பணிவான வணக்கம்.

எதற்குக் கூடியிருக்கிறோம்? மாமா கண்டுபிடித்த மூட்டுவலிக் களிம்பின் வெற்றியைக் கொண்டாட! நாளை முதல் மூட்டுவலிக்காரர்களின் உடற்பயிற்சி அறையைப் பூட்டிவிட்டு, வருகிற முழங்காலுக்கெல்லாம் களிம்பு கொடுக்கப் போகிறோம். பொறுங்கள் அம்மா, அதற்குள் கை தட்டாதீர்கள்.

அது வென்ற கதை என்ன? நூற்றிருபது நோயாளிகள். சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தோம். பாதிப் பேருக்கு மூன்றாம் மாடியில் புதுக் களிம்பு. பாதிப் பேருக்குக் கீழ்த்தளத்தில் மருந்தே இல்லாத வெறும் களிம்பு. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், மாடிக் கூட்டம் நடக்கிறது! கீழ்க் கூட்டம் நொண்டுகிறது! களிம்பில் ஒன்றுமே இல்லை என்றால், இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வருவது ஆயிரத்தில் ஒரு முறைகூட இல்லை என்றது என் கணக்கு. நான் துள்ளிக் குதித்தேன். மாமா குதிக்கவில்லை, சிரித்தார்.

நேற்று ஒரு தையல்கார அம்மா என்னை மறித்தார்.

"தம்பி, எனக்குச் சீட்டுல மாடின்னுதான் வந்துச்சு. லிஃப்ட் ஓடலை, ஏற முடியலை. நர்சம்மாதான் கீழயே வாங்கிக்கச் சொல்லி, கீழ் நோட்டுல பேர் எழுதினாங்க. இப்போ அந்த எக்சர்சைஸ் ரூமையும் பூட்டிட்டா, நான் எப்படி மெஷின் மிதிப்பேன்?"

தலைமைச் செவிலியிடம் ஓடினேன்.

"மனசு கேக்கலை சார். ஏற முடியாதவங்களைக் கீழ வெச்சுக்கிட்டேன். மாடியில எண்ணிக்கை குறையக் கூடாதுல்ல? அவங்களுக்குப் பதிலா, கீழ்ச் சீட்டு வந்தவங்கள்ல நல்லா நடக்கறவங்களா பார்த்து மேல அனுப்பினேன்."

"எத்தனை பேரை?"

"இருபத்து மூணு பேர் சார்."

எண் பொய் சொன்னதா? இல்லை! தற்செயல் அல்ல என்றது. ஆமாம், தற்செயல் அல்ல, மாடிப்படி! ஏற முடிந்தவர்களை மேலே வைத்தோம், முடியாதவர்களைக் கீழே வைத்தோம், மேலே இருப்பவர்கள் நன்றாக நடக்கிறார்கள் என்று மேளம் கொட்டினோம்! குற்றம் அந்தச் செவிலியுடையதா? என்னுடையது. முதல் நாளே இரண்டு கூட்டத்தாரும் எப்படி நடக்கிறார்கள் என்று பார்ப்பது பத்து நிமிட வேலை. பார்க்கவில்லை. சின்ன எண்ணைக் கண்டு மயங்கிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

துண்டுச் சீட்டு வருகிறது. மாமாவின் கையெழுத்து. மருந்துக் கடைக்காரர்தான் படிக்க முடியும் என்பதால் தொடர்கிறேன்.

மாமா, ஒரே ஒரு கேள்வி. நீங்களும் ஆறு மாதமாக இதைத்தான் தேய்க்கிறீர்கள். இந்த மேடைக்கு ஆறே படி. ஏன் கீழே உட்கார்ந்திருக்கிறீர்கள்?

சிரிக்காதீர்கள், சிரிக்காதீர்கள்! அவர் ஏதோ சொல்கிறார். மைக்கை அவரிடம் கொடுங்கள்.

"எனக்கும் வலி குறையலை மாப்பிள்ளை. வெளிய சொல்லக் கூச்சமா இருந்துச்சு. அந்த ரூமைப் பூட்ட வேணாம். மறுபடியும் பண்ணுவோம், ரெண்டு கூட்டத்தையும் கீழயே வெச்சு."

கேட்டீர்களா? இப்போது தட்டுங்கள் அம்மா, கை வலிக்கத் தட்டுங்கள்! ஆயிரத்தில் ஒன்று என்ற என் எண்ணைவிடப் பெரிய எண் இந்த ஒரு மனிதர்!

நாளைக் காலை ஏழு மணிக்கு உடற்பயிற்சி அறை திறந்திருக்கும். தையல்கார அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி மாமாவுக்கு. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. மனசு கேட்காத செவிலிக்கு என் அன்பு. வீட்டில் எனக்கு இன்னும் சாப்பாடு உண்டு என்று தலையசைக்கும் மனைவிக்குத் தனி வணக்கம்!