ஆளுக்குப் பாதிச் சாவி

— ரவுட்டர் முதுகுல கொண்டு போய்ச் சொருகி வச்சா எப்படிலே டிவியில தெரியும்?

— அரே அக்கா, டப்பாவுலயே படம் போட்டிருந்தான். ஹார்ட் டிஸ்க்கை ரவுட்டர்ல மாட்டு, வைஃபைல வீடு பூரா பாருன்னு. கடைக்காரனும் அதான் சொன்னான்.

— சாதா டிஸ்க்குக்குச் சொல்லியிருப்பான். இது அப்பா பூட்டு போட்டு வச்சதுல்லா? ரவுட்டருக்குப் பாஸ்வேர்டு கேக்கத் தெரியாது. அதுக்கு இது வெறும் குப்பையாத்தான் தெரியும்.

— ஆமா, போன்ல அதோட ஆப்பைத் திறந்தேன். டிரைவைப் படிக்க முடியல, ஃபார்மட் பண்ணவான்னு கேட்டுச்சு.

— ஏலே ஜோபின்! அமுக்கிட்டியா?

— இல்லக்கா, இல்ல. மூச்சு விடு. ஒயரைப் பிடுங்கிப் போட்டுட்டு உனக்குத்தான் போன் அடிச்சேன்.

— அமுக்கியிருந்தா அம்மா குரலே போயிருக்கும்லே. டேப் ஒண்ணுகூட இப்ப கிடையாது. எல்லாம் பூஞ்சக்காளான் பிடிச்சு அப்பாவே தூக்கிப் போட்டாவ. இருக்கது இது ஒண்ணுதான்.

— தெரியும்க்கா. நாளைக்கு அம்மாவோட நினைவுப் பூசை, பதினொண்ணாவது வருஷம். பூசை முடிஞ்சு பழைய பாட்டுக் குழுக்காரங்க எல்லாம் இங்கதான் சாப்பிட வராங்க. அம்மா பாடுறது டிவியில ஓடினா ஏக்தம் நல்லா இருக்கும்னு நினைச்சேன். உன் பாதி இல்லாம ஒண்ணும் நடக்காதே.

— அதுக்குத்தான் ஊருக்கு அந்தக் கோடி கராடியிலருந்து வந்திருக்கேன். வேற ஒண்ணுக்கும் இல்ல. பாத்துக்க.

— சரி.

— திறந்து, எனக்கு ஒரு காப்பி எடுத்துக்கிட்டு, கிளம்பிட்டே இருப்பேன்.

— சரிக்கா. டீ போடவா?

— வேண்டாம். லேப்டாப்பைக் கொண்டா. முதல்ல டிஸ்க்கை இதுல மாட்டித் திறக்கணும். அப்புறம் இதுலருந்து வைஃபைல டிவிக்கு அனுப்பிக்கலாம். மண்டையில ஏறுதா?

— ஏறுது, ஏறுது. போசரியில லேத் ஓட்டுறவன் கையில ரவுட்டரைக் கொடுத்தா இப்படித்தான்.

— ஒயரு எங்க? இது என்னலே, அப்பாவோட டேப் ரெக்கார்டரா? இன்னுமா வச்சிருக்க?

— அதை எங்க கொண்டு போய்ப் போடுறது? ஓடல. ஆனா அது அங்க இருந்தாதான் வீடு வீடா இருக்கு.

— ரிட்டயர் ஆன மறுநாளே டேப்பை எல்லாம் டிஸ்க்ல ஏத்த ஆரம்பிச்சாவல்லா? இதுலருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயரு. ஜன்னலைச் சாத்து, ஃபேனை நிறுத்து, குக்கர் வைக்காதே. மே மாச வெயில்ல வெந்து செத்தோம்.

— நான் தும்மினதுக்கு வெளிய போகச் சொல்லிட்டாரு.

— ஒயர்ல போற பாட்டுக்குள்ள வீட்டுச் சத்தம் விழாதுப்பான்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டாவளா? அம்மா பாடும்போது எவனும் சத்தம் போடக் கூடாதுன்னுட்டாவ.

— அதுவும் நியாயம்தானே.

— நியாயம்தான். இப்ப நினைச்சா நியாயமாத்தான் தெரியுது.

— டிசம்பர்ல லாரி ஏறிப் போவோமே, ஞாபகம் இருக்கா? கிறிஸ்மஸ் கேரல் பாட. அம்மா முன்னால டிரைவர் பக்கத்துல, மடியில ஹார்மோனியம். நாம பின்னால குளிர்ல வெடவெடன்னு.

— வானவடி ஏரியா முழுக்கச் சுத்துவோம். மிலிட்டரிக் குவார்ட்டர்ஸ்ல ஒரு பஞ்சாபி ஆன்ட்டி கேரட் அல்வா கொடுப்பா. தமிழ்ப் பாட்டு ஒரு வரி புரியாது, கண்ணைத் துடைச்சுக்கிட்டே கேப்பா.

— மரியஜோசப் சார் பொண்டாட்டி பாடினா மழை நிக்கும்னு அப்பா ஃபாக்டரியில பேச்சு.

— டிசம்பர்ல ஏதுலே மழை?

— பேச்சுதானேக்கா. விடேன்.

— எல்லாம் சரி, அதை இப்படியா பூட்டி வைப்பாவ? நாப்பது வருஷம் வெடிமருந்து ஃபாக்டரியில வேலை பாத்த புத்தி.

— மருந்துக் கிடங்குக்கு ரெண்டு பூட்டு. ரெண்டு ஆளுகிட்ட ஆளுக்கொரு சாவி. ஒருத்தன் மட்டும் போனா கதவு திறக்காது. அதனாலதான்டா நாங்கல்லாம் முழுசா வீடு வந்து சேருறோம்பாரு.

— அந்தச் சட்டம் வீட்டுக்குமா? பாஸ்வேர்டுல முன்பாதி உனக்கு, பின்பாதி எனக்கு. நான் ஜெர்மனி கிளம்புதேன், ஏர்போர்ட் வாசல்ல ட்ராலியை நிறுத்தி என் காதுல வந்து சொல்லுதாவ. போறவன் வாறவன் எல்லாம் என்னமோ ஏதோன்னு பாக்கான்.

— எனக்கு ஸ்கூட்டர்ல. சிக்னல்ல நிக்கிறோம், ஹெல்மெட்டைக் கழட்டுடான்னாரு. கழட்டினேன், சொன்னாரு. அக்காகிட்ட சொல்லாதே, அவளும் உன்கிட்ட சொல்ல மாட்டா, திறக்கணும்னா ரெண்டு பேரும் சேந்து உக்காரணும்னாரு. பின்னால வண்டிக்காரன் ஹாரன் அடிச்சே கொல்றான்.

— தான் போனதும் நாம சண்டை போடுவோம்னு அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்போல.

— இருக்கும்.

— சண்டையை நானாலே ஆரம்பிச்சேன்?

— இல்லக்கா.

— ஃபிராங்க்ஃபர்ட்ல டிக்கெட் எடுத்துட்டேன், காலையில மும்பை, மத்தியானத்துக்குள்ள வீடுன்னு மெசேஜ் போட்டேனா இல்லையா?

— போட்ட.

— மும்பையிலருந்து டாக்ஸியில அழுதுகிட்டே வாரேன். வந்து பாத்தா நீ முந்தின நாள் சாயங்காலமே மண்ணைப் போட்டு மூடிட்ட. மாலை எல்லாம் வாடிக் கிடக்கு. ஒரு ராத்திரி. அப்பா முகத்தை நான் பாக்க ஒரு ராத்திரி பொறுக்க முடியலையாலே உனக்கு?

— ஜூலை மழைக்கா. கல்லறைத் தோட்டத்துல குழி வெட்ட வெட்ட தண்ணி ஏறுது. இன்னைக்கே முடிச்சிரு, நாளைக்கு இந்தக் குழி நிக்காதுன்னு சுத்தி நின்னு ஆளாளுக்குப் பேசுறாங்க. நான் என்ன சொல்லுவேன்?

— எங்க அக்கா வாரான்னு சொல்லணும்.

— சொல்லல. பயந்துட்டேன். மாதா சத்தியமாச் சொல்றேன், தப்பு என்னோடதுதான். மழை பேஞ்சா எனக்கு அதுதான் ஞாபகம் வருது. என்னை மன்னிச்சிருக்கா.

— மூணு வருஷம் கழிச்சு இப்ப சொல்லுத.

— நீ ஜெர்மனியிலருந்து திரும்பி வந்தப்புறம் நாலு தடவை கராடி வரைக்கும் வந்தேன். உன் பில்டிங் வாட்ச்மேன் கிஸ்கே கர் ஜானா ஹைன்னு கேப்பான். யார் வீட்டுக்குன்னு சொல்ல வாய் வராது. திரும்பிருவேன்.

— மேல வர வேண்டியதுதானே. கதவையா சாத்தியிருப்பேன்?

— சாத்தியிருப்ப.

— ஆமா. சாத்தித்தான் இருப்பேன்.

— அழாதேக்கா.

— யாரு அழுதா? தூசி. நீ வீட்டைப் பெருக்குததே கிடையாதா? நகரு, முகத்தைக் கழுவிட்டு வாரேன். டிஸ்க் மாட்டியாச்சு, பாரு, பாஸ்வேர்டு கேக்குது. உன் பாதியை மட்டும் போட்டு வை. என்டர் தட்டிராதே. மீதியை நான் வந்து போடுதேன்.

— சரி.

— பத்து தடவை தப்பாப் போட்டா எல்லாத்தையும் அழிச்சிரும். வெளயாடாதலே.

— போக்கா நீ. உன் பாதி உனக்கு ஞாபகம் இருக்கா, முதல்ல?

— அது செத்தாலும் மறக்காது. துண்டு எங்க வச்சிருக்க?

— கொடியில. நீலம், புதுசு.

— தண்ணி என்னலே இப்படிச் சில்லுனு இருக்கு! கீசர் போட மாட்டியா? ஜோபின், கேக்குதா? டீ போடு. இருந்தே குடிச்சிட்டுப் போறேன்.

— எல்லாரும் ரெடியா? ஒண்ணு, ரெண்டு... ஏ நிறுத்துங்க, நிறுத்துங்க. லே ஜோபின், வாயில என்ன? கேரல் பாடும்போது எவனாவது முறுக்கு திம்பானா? டானியா, நீ போய் தம்பி பக்கத்துல நில்லுட்டி. நீ பக்கத்துல நின்னாத்தான் அவன் ஒழுங்காப் பாடுவான்.

— ஜோபின்! அது அம்மால்லா? அம்மா குரல்லா?

— ஆமாக்கா. சீக்கிரம் வா. இப்ப பாட ஆரம்பிச்சிருவாங்க.

— எப்படிலே திறந்துச்சு? என் பாதியை நான் இன்னும் போடவே இல்லையே!

— அப்பா ஆஸ்பத்திரியில கடைசி நாள் அதையும் என்கிட்ட சொல்லிட்டாரு. அக்கா வர லேட்டானா நீ திறந்து கேட்டுக்கடான்னாரு.

— அப்ப இத்தனை வருஷமா நீ மட்டும் கேட்டுக்கிட்டா இருந்த?

— ஒரு தடவைகூடத் திறக்கலக்கா. அன்னைக்கு ஒரு ராத்திரி உனக்காகக் காத்திருக்கல, இதுக்காவது காத்திருந்தேன்.