வால் முளைத்த புள்ளி

"ஏலே, இந்தப் புள்ளிக்கு வால் முளைச்சிருக்குலே."

தூத்துக்குடியில் ரயில்வே கேட் போட்டதால் பஸ் நின்றுகொண்டிருந்தது. முன்சீட்டுப் பெண், துப்பாக்கியில் பொருத்தும், குறிபார்க்கச் சிவப்பு ஒளிப்புள்ளி காட்டும் ரெட் டாட் சைட்டை மட்டும் கண்ணுக்கு நேரே பிடித்து, ஓடும் நிலக்கரி வேகன்களைக் குறிபார்த்தாள். பக்கத்தில் அவள் தம்பி.

"நகருற இலக்குக்குப் பெரிய புள்ளிதான் வேணும்னு நீதானக்கா அடம்பிடிச்சே?"

"பெருசுதான், டக்குனு கிடைக்கு. ஆனா பக்கத்துல கோடு மாதிரி இழுக்குல்லா. ஞாயித்துக்கெழம டீம் செலக்‌ஷன வச்சுக்கிட்டு இத வச்சு எப்படிச் சுடுறது? இன்னைக்கே கடையில திருப்பிக் குடுப்போம்."

"வெளிச்சத்தக் குறை."

"குறைச்சாச்சு. வால் அப்படியேதான் இருக்கு."

"சைட்டச் சுத்திப் பிடி. வாலும் சேந்து சுத்துதா?"

"இல்லலே. அங்கனயே நிக்கி."

தம்பி வாங்கிப் பார்த்தான்.

"எனக்கு உருண்டையாத்தான் தெரியுது. கோளாறு சைட்டுல இல்லக்கா, உன் கண்ணுல. சைட்டுல இருந்தா, சுத்துனா வாலும் சுத்தணும்."

"வாய மூடுலே."

"கண்ணாடி போட்டா சரியாயிரும்."

கடைசி வேகனும் போனது. அவள் சைட்டின் விளக்கை அணைத்து, அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

"குறி தப்புனாலே கை ஆடுது, கை ஆடுதுன்னுல்லாலே கோச்சு ஏசுதாரு. நானும் தினம் மணல் பாட்டிலத் தூக்கிக்கிட்டுக் கெடக்கேன்."

"அதான் புஜம் பயில்வான் மாதிரி ஆயிட்டு."

கேட் திறந்தது. அவள் கண்டக்டரைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, கண்ணாஸ்பத்திரிக்குப் பக்கத்துல எந்த ஸ்டாப்பு?"